தண்ணி லாரி – 14: எந்த ஊர் ஊதா?

ஆடித் தள்ளுபடி நேரத்தில், அதுவும் சனிக்கிழமை, தி.நகருக்குள் காரோடு நுழைகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அச்சில் ஏற்ற ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். நம் ஜெயஸ்ரீ விவரமானவள். பனகல் பார்க் பக்கமே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறாள். மாமனார் கடைக்கு அவள் வந்து சேர இன்னும் அரை மணி ஆகும்.

அதற்குள் போன வாரம் கல்யாணத்துக்குப் போய்ப் படிக்காமல் விட்டவர்களுக்கு (ஆடியில் ஏது கல்யாணம்? சரி, கூழ் ஊற்றப் போனவர்களுக்கு) இரண்டு வார்த்தை.

ராம்குமாரின் 'தண்ணி லாரி' பேண்டுக்கு இன்றோடு பத்து வயது. எண்பதுகளில் வந்த சிந்தசைசர் சத்தம், விறைப்பான தாளம், தோளில் பஞ்சு வைத்த கோட்டு, ஆண்களும் கண்ணுக்கு மை. இதற்குப் பெயர் நியூ வேவ் என்று ராம் எனக்கு நாலு தடவை விளக்கியிருக்கிறான். நான் நாலு தடவையும் தலையாட்டியிருக்கிறேன். பேண்டின் முதல் பாட்டுக்குத் தாளமே தெருவில் நின்ற தண்ணி லாரியின் மோட்டார்தான். அதைப் போனில் பதிவு செய்து அதன் மேல் பாடினார்கள். பேரும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் சினிமா வந்தது. ராம் இரண்டு படத்துக்கு இசையமைத்துவிட்டான். இரண்டிலும் பின்னணி இசையை எல்லாரும் கொண்டாடினார்கள். பாட்டு? ஒன்றுகூட யார் வாயிலும் நிற்கவில்லை. "பிஜிஎம் பின்றாப்ல, பாட்டுதான் இன்னும் வரலை" என்று ஊரே சொல்லிவிட்டது. மூன்றாவது படம் அப்துல் வஹீத் எடுப்பது. பெரிய டைரக்டர். ஒரு வருடமாக அவருக்கு ஒரு பாட்டுக்காக ராம் மெட்டு மெட்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு பக்கம் அவன் தங்கை தாரணி. பத்து வருடமாக அண்ணனுக்குப் பின்னால் நின்று பேஸ் கிடார் வாசிப்பவள். நாலு மாதம் முன்பு பாலவாக்கத்தில் அவளுடைய நிச்சயதார்த்தம். "கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கிடார் எல்லாம் வேணாமே" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்ததும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா பங்கஜம் கதவைத் தட்டினாள். "வாட்டி, எல்லாரும் காத்துக் கெடக்காவ." உள்ளேயிருந்து ஒரே பதில்: "வரலைன்னா வரலை."

நிச்சயதார்த்தம் நின்றது. அந்த இரண்டு சொல்லை வைத்து தாரணி ஒரு பாட்டு எழுதினாள். மெட்டும் அவளே போட்டாள். பாடிப் பதிவும் செய்துவிட்டாள். இன்று மாலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் சபா மேடையில் முதல் தடவையாக முன்னால் வந்து அதைப் பாடப் போகிறாள்.

போன திங்கட்கிழமை தரமணி டிராபிக்கில் மாட்டிக்கொண்ட ராம், வீட்டுக்குப் போன் செய்தான். "ஜெயா, என் லேப்டாப்ல ஊதா புள்ளி வெச்ச போல்டர் இருக்கு பாரு. அதுல மூணாவது பாட்டை வஹீத் சாருக்கு அனுப்பிடு." பேண்டுக்கு மேனேஜரும் ராமுக்கு மனைவியுமான ஜெயஸ்ரீ, ஊதா போல்டரைத் திறந்து எண்ணை மட்டும் பார்த்து மூன்றாவது பாட்டை அனுப்பினாள்.

இதில் என்ன தப்பு இருக்க முடியும்? வாருங்கள், வடபழனிக்குப் போவோம்.

•

காலை பத்து மணிக்கு வஹீத்தின் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது ராமுக்குக் கேட்டது அவன் தங்கையின் குரல்.

*கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காயட்டும்,*
*வரலைன்னா வரலை!*
*வாசல்ல செருப்பு கிடக்கு, ஆளு இங்கே இல்லை,*
*வரலைன்னா வரலை!*

வஹீத் செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தொடையில் விரல் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் இன்ஜினியரைப் பார்த்து, "இன்னொரு வாட்டி" என்றார். அது எட்டாவது வாட்டி என்று இன்ஜினியர் ராமிடம் விரலால் காட்டினார்.

ராமுக்குத் தலையில் இடி விழுந்தது. இது எப்படி இங்கே வந்தது? ஜெயா எதை அனுப்பினாள்?

"சார், இது..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதே. உக்காரு." வஹீத் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாள் இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே? உனக்குப் பாட்டு வராதுன்னு எவன்டா சொன்னது? அவனைக் கூட்டிக்கினு வா, இங்க உக்கார வெச்சு இதைப் போட்டுக் காட்டறேன்."

எழுந்து வந்து ராமைக் கட்டிக்கொண்டார்.

நான் ராமுக்கு வேண்டியவன். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. 'சார், தப்பா வந்துடுச்சு, இது என் தங்கச்சி பாட்டு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவன் சொல்லவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக அவன் மூன்று வருடமாக ஏங்கியிருக்கிறான். அது தவறான விலாசத்துக்கு வந்த பார்சல் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

"ஹீரோயின் ஓப்பனிங்குக்கு இதுதான். லாக் பண்ணிட்டேன்" என்றார் வஹீத். "பெரிய பாடகியைப் போட்டுப் பாட வெச்சுடலாம். ஆமா, இந்தக் குரல் யாரு?"

ராம் தரையைப் பார்த்தான்.

"டிராக் பாடற பொண்ணு சார். டம்மிக்குப் பாடினது."

டம்மி என்றால் தெரியும்தானே? நிஜப் பாடகர் வரும்வரை மெட்டைப் பிடித்து வைக்க யாரையாவது விட்டுச் சும்மா பாட வைப்பது. நிஜக் குரல் வந்ததும் அதை அழித்துவிடுவார்கள். தன் கூடப்பிறந்தவளின் முதல் பாட்டுக்கு ராம் அந்தப் பேரைத்தான் கொடுத்தான்.

•

பங்கஜம் மேட்சிங் சென்டர், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், லைனிங் மட்டும்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கனகராஜ் முப்பத்திரண்டு வருடமாக இதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் சரக்கு அறை. தண்ணி லாரி பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து ஜெயஸ்ரீ எப்படியோ மேஜைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"வாம்மா. என்ன, வேர்த்துப் போயி நிக்கே? காப்பித்தண்ணி சொல்லவா?" என்றார் கனகராஜ், ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத் துணி கிழித்துக்கொண்டே.

"காபியெல்லாம் வேண்டாம் மாமா. தாரணி கோட்டுக்கு இடுப்புல கட்டிக்க ஒரு பெல்ட்டு மாதிரி தைச்சுக்கணும். ஊதாவுல அரை மீட்டர் குடுங்கோ. மின்னணும், மேடையில பளிச்சுனு தெரியணும்."

கனகராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஒரு துணிக்கட்டை உருவி மேஜையில் விரித்தார்.

நல்ல நீலம். ஆகாயத்தைவிட அழுத்தமான நீலம்.

"இது ப்ளூ மாமா. நான் ஊதா கேட்டேன்."

"இதாம்மா ஊதா."

"இல்லை மாமா, ஊதா. கத்திரிப்பூ இருக்கோல்லியோ, அந்த மாதிரி."

கனகராஜ் சிரித்தார். "அது மெட்ராஸ்காரங்க ஊதா. எங்க பக்கம் ஊதான்னா இதான். இங்க யாராவது ஊதான்னு கேட்டா, எந்த ஊரும்மான்னு கேட்டுட்டுத்தான் கட்டைத் தொடுவேன். இல்லன்னா சாயந்தரம் திருப்பிக் கொண்டாந்து சண்டை போடுவாவ. நீ நம்ம வீட்டுப் பிள்ளை. அதான் கேக்கல."

பக்கத்தில் நின்ற அம்மாள், "நான் மதுரை. எனக்கும் இதான் ஊதா" என்று சாட்சி சொன்னாள்.

ஜெயஸ்ரீ மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வானவில்லில் முதல் நிறம் ஊதா, அப்புறம் கருநீலம் என்று மூன்றாம் வகுப்பில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். மூன்று வருடக் குடித்தனத்தில் இந்தச் சொல் ஒரு தடவைகூட நடுவில் வந்ததில்லை. எல்லாரும் ப்ளூ என்றே பேசிக்கொள்ளும் காலம் இது. அவசரத்திலும் கோபத்திலும் மட்டும் ராமுக்கு அவன் அப்பாவின் தமிழ் வந்துவிடும். திங்கட்கிழமை அவன் நல்ல அவசரத்தில் இருந்தான்.

நீலப் புள்ளி வைத்த போல்டரில் படத்துப் பாட்டுகள். கத்திரிப்பூ நிறப் புள்ளி வைத்ததில் பேண்டின் பாட்டுகள். அதில் மூன்றாவது...

"ஐயோ" என்றாள் ஜெயஸ்ரீ.

"என்னம்மா, அதுவும் இருக்கு, எடுத்துத் தாரேன். ஐயோங்கிற அளவுக்கு என்ன?"

அவள் மாடிப்படியில் ஓடினாள்.

மேலே துணி மூட்டைகளுக்கு நடுவில் தாரணி கண்ணை மூடிக்கொண்டு நடந்து நடந்து பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்ஸ் வாசிக்கும் ஜான் ஒரு மூட்டை மேல் சாய்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நொச்சிக்குப்பத்துப் பிள்ளை. வீட்டில் தினம் மீன் என்பதால் வெளியே வந்தால் கோழிதான்.

"தாரணி, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்." மூச்சு வாங்க ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் கொட்டினாள். மறைக்கவில்லை, மழுப்பவில்லை.

தாரணி முதலில் சிரித்தாள். "அதுக்கு ஏன் மதினி அழுவுற மாதிரி நிக்கீங்க? அண்ணன் கேட்ட உடனே சொல்லியிருக்குமே, இது இல்லை சார்னு."

"காலைல பத்து மணிக்கு அங்கே போயிட்டான். இப்போ பதினொண்ணே முக்கால். எனக்கு ஒரு போன் வரலையே."

தாரணியின் சிரிப்பு நின்றது. அவளுக்கு அண்ணனை முப்பது வருடமாகத் தெரியும்.

"ஜான், சோறு அப்புறம் துன்னலாம். வண்டி எடு."

"மூணு பேரு எப்டிக்கா போறது? போலீஸு புடிப்பான். ஆட்டோல போங்க, நான் சாமானெல்லாம் ஏத்திக்கினு நேரா சபாக்கு வந்துர்றேன்" என்றான் ஜான். பிரியாணியில் இருப்பவன் சொன்னாலும் நியாயமான யோசனைதான்.

•

ஸ்டூடியோ கதவு பாதி திறந்திருந்தது. அதனால் வஹீத் சொன்னது வெளியே நின்ற இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

"அந்த டிராக் பொண்ணுக்கு டைட்டில்ல ஒரு நன்றி போட்டுடு ராம். பேரு இன்னா அவளுக்கு?"

ராம் பேசுவதற்குள் தாரணி உள்ளே வந்துவிட்டாள்.

"தாரணி கனகராஜ் சார். வரி, மெட்டு, குரல் மூணும்."

வஹீத்துக்குக் காது கூர்மை. முதல் வார்த்தையிலேயே குரலைக் கண்டுபிடித்துவிட்டார். தாரணியைப் பார்த்தார், ராமைப் பார்த்தார், இருவர் மூக்கையும் பார்த்தார்.

"உன் தங்கச்சியாடா?"

ராம் தலையசைத்தான்.

"மெட்டும் அவளுதா?"

ஜெயஸ்ரீ புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இப்போதும் மழுப்பினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"ஆமா சார். எல்லாம் அவளுது. நான் சிந்தசைசர் மட்டும் சேர்த்தேன்" என்றான் ராம். "முதல்லயே சொல்லியிருக்கணும்."

வஹீத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ராமுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் தாரணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. எனக்குப் பாட்டு வேணும். நீயே பாடு, பெரிய பாடகியெல்லாம் வேணாம். டைட்டில்ல உன் பேரு தனியா வரும். ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு சாயந்தரம் ஏதோ கச்சேரின்னு கேள்விப்பட்டேன். அங்க இதைப் பாடக் கூடாது. தியேட்டர்லதான் ஜனம் முதல்ல கேக்கணும். அதுக்கு முன்னாடி நாலு பேரு போன்ல புடிச்சு ஊரெல்லாம் சுத்திட்டா, எனக்கு அது செத்த பாட்டு."

"பாடினா?"

"பாட்டு வேணாம். அதோட தண்ணி லாரியும் வேணாம்." ராமைப் பார்த்துச் சொன்னார். "மிரட்டலைப்பா. ஆறு வாரத்துல ஷூட்டிங். இதைக் கேட்டப்புறம் நீ குடுத்த மத்ததெல்லாம் என் காதுல ஏறாது. வேற ஆளைத்தான் பாக்கணும்."

"படம் எப்போ வரும் சார்?" என்றாள் தாரணி.

"பொங்கலுக்கு. தள்ளிப்போனா கோடை."

அதாவது இன்னும் ஆறு மாதமோ பத்து மாதமோ வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பாடினால் அண்ணன் படம் போகும். தாரணிக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஏழு மணிக்குக் கச்சேரி சார். நீங்களே வந்து கேட்டுக்கங்க, பாடறேனா இல்லையான்னு."

வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அண்ணனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

•

மயிலாப்பூர் சபாவில் கண் மை போட்ட நாலு பேர் கச்சேரி செய்வது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். ஜெயஸ்ரீயின் பெரியப்பா அங்கே செயலாளர். "சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கோங்கோ" என்று ஆசீர்வாதம் செய்து இடம் கொடுத்திருந்தார். ஆறரை மணிக்கே அரங்கம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் கறுப்புச் சட்டை இளவட்டம். மீதிப் பேர், சபாவில் எது நடந்தாலும் வந்துவிடும் மாமா மாமிகள். முன் வரிசையில் கனகராஜும் பங்கஜமும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடிச் சனிக்கிழமை சீக்கிரம் கடை மூடினார் என்றால் அது அந்தச் சந்தில் பல வருடம் பேசப்படும்.

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறை.

"இன்னா மச்சி, ஆளுக்கு ஒரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிறீங்க? பொறந்த நாளா, கருமாதியா?" என்றான் ஜான். கிடார் வாசிக்கும் ஹரி அவன் காலை மிதித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

அண்ணனும் தங்கையும் தனியாக இருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்தபடியே தாரணி கேட்டாள்.

"டிராக் பொண்ணா நான்?"

"தப்புதான்."

"பயத்துல சொன்னியா?"

ராம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "பயம் இல்ல தாரணி. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மணி நேரம் அந்தப் பாட்டு என்னுதுன்னு அவரு நினைச்சுட்டு இருந்தாரு. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான். எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வந்ததே இல்லை. உனக்கு வந்துடுச்சு."

தாரணி திரும்பி அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக.

"நான் பாடினா உன் படம் போயிரும்ணே."

"தெரியும்."

"போனா போகட்டும்னு சொல்லப் போறியா?"

"அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்ல. போனா ராத்திரி பூரா தூக்கம் வராது. ஒரு மாசம் உன் மேல எரிச்சலாக்கூட இருக்கும்." ராம் குனிந்து அவளுடைய பேஸ் கிடாரை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "ஆனா நீ பாடு. பேஸ் நான் வாசிக்கறேன்."

"உனக்கு பேஸ் வாசிக்கத் தெரியாதே."

"நாலு கம்பிதானே? சமாளிச்சுக்கறேன்."

தாரணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண் மை கலைந்துவிடும் என்பதால் சிரிப்பை வைத்துக்கொண்டாள்.

ஆறு பாட்டு முடிந்து ஏழாவது வந்தபோது, பத்து வருடமாகத் தன்னுடையதாக இருந்த நடு மைக்கின் முன்னால் நின்று ராம் சொன்னான்: "அடுத்த பாட்டு என்னுது இல்லை. எழுதினது, மெட்டுப் போட்டது, பாடப் போறது, தாரணி." பின்னால் போய், அவள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டான்.

தாரணி முன்னால் வந்தாள்.

நான் நிறையக் கச்சேரி கேட்டவன். அவள் பாடியதைத் திறமை என்று மட்டும் சொல்லிவிட மனம் வரவில்லை. உடம்பை ஒரு இம்மி அசைக்காமல், முகத்தில் ஒன்றுமே காட்டாமல், பொட்டுப் பொட்டாக வார்த்தையை வைத்தாள். இரண்டாவது தடவை 'வரலைன்னா வரலை' வந்தபோது இளவட்டம் எழுந்து நின்றது. மூன்றாவது தடவை மாமிகள் பதில் பாட்டுப் பாடினார்கள். பங்கஜம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாலவாக்கத்தில் கதவைத் தட்டியவள் அவள்தானே? அழுகிறாளோ என்று கனகராஜ் குனிந்து பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேஸ் கிடாரில் ராம் இரண்டு இடத்தில் தப்பு விட்டான். யாரும் கவனிக்கவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜெயஸ்ரீ மேடையின் ஓரத்திலிருந்து அதைப் பார்த்தாள். மத்தியானம் அவன் மேல் வந்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. என் ஆம்படையான் தேறிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் பக்கத்தில் வஹீத் வந்து நின்றார்.

"மேடம், நீங்கதானே இவங்க மேனேஜர்?" சத்தத்தில் அவள் காதருகே குனிந்து பேச வேண்டியிருந்தது. "பாட்டு போச்சு. நான் சொன்னா சொன்னதுதான், இது இனிமே என் படத்துல வராது."

"தெரியும் சார்" என்றாள் ஜெயஸ்ரீ. நிமிர்ந்தே சொன்னாள்.

"ஆனா இதைப் போட்டவங்க இன்னொண்ணு போடுவாங்க இல்ல? படத்துக்கு மியூசிக் அந்தப் பொண்ணு பண்ணட்டும். முழுப் படமும். கேட்டு எனக்கு திங்கட்கிழமை காலைல சொல்லுங்க."

"ராம் கூடத்தானே சார்?"

"ராம் வேணாம் மேடம். ராம்கிட்ட ஒரு பாட்டுக்காக ஒரு வருஷம் உக்காந்துட்டேன்." அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அவனுக்கு நீங்க சொல்றதா, அவளே சொல்றதா, உங்க வீட்டு விஷயம். நான் தலையிடலை."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாட்டு முடிந்தது. அரங்கமே 'ஒன்ஸ்மோர்' என்று கத்தியது. அந்தக் கூச்சலில் ராம் கிடாரோடு மேடை ஓரத்துக்கு ஓடி வந்தான். வேர்த்து ஒழுகியது. மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

"வஹீத் சார் தானே அது? வந்துட்டாரா! ஜெயா, என்னவாம்? என்ன சொன்னாரு?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் தாரணி நடு மைக்கில் கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

"பாட்டு ரொம்ப நன்னா இருக்குன்னார்" என்றாள் ஜெயஸ்ரீ.

"பாத்தியா!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவன் மறுபடி மேடைக்கு ஓடினான். கல்யாணமான மூன்று வருடத்தில் அவனிடம் அவள் பாதியை மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை.